எட்டு பவுண்டு கிட்டார்: பிக்அப், சமநிலை, கட்டுமானம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, தன் ரெட் ஸ்பெஷல் கிட்டாருக்குக் கையால் செய்த முதல் பிக்அப்களில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட கருவி) ஒரு கோளாறு இருந்தது. தந்தியை மீட்டினால் ஒலி நன்றாகவே வந்தது. அதே தந்தியை இடக்கை விரலால் தள்ளி வளைத்தால், போகிற வழியில் ஓசை திடீரென்று நிறம் மாறிக் கோணலாகக் கேட்டது. காந்தங்களின் வட, தென் துருவங்கள் அமைந்திருந்த விதம்தான் காரணம். தந்தி ஒரு காந்தத்தின் தலைக்கு மேலிருந்து நகர்ந்து அடுத்ததன் எல்லைக்குள் போகும்போது காந்தப்புலம் சீராக இல்லை. வளைத்து வாசிக்க முடியாத கிட்டார் ராக் வாசிப்பவருக்கு எதற்கு? கமகம் பிடிக்க வராத வீணை மாதிரிதான் அது. அந்தப் பிக்அப்களைக் கழற்றி வைத்துவிட்டு, பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சோனிக் பிக்அப் மூன்றை வாங்கிப் பொருத்தினார். குவீன் இசைக்குழுவின் பாடல்களில் நாம் கேட்கும் அந்தக் கனத்த, பாடுகிற கிட்டார் ஒலி அதற்குப் பிறகு பிறந்ததுதான்.

எந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது கடையில் தொங்கும் கிட்டார்கள் இல்லை, இந்த ரெட் ஸ்பெஷல்தான். இதைப் போய் வாங்குங்கள் என்று சொல்வதற்காக இல்லை. பிக்அப்பில் எத்தனை ஓசை கிடைக்கிறது, தோளில் மாட்டினால் எப்படி நிற்கிறது, மரமும் இரும்பும் எவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றன என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழகிவிட்டோம். இந்தக் கிட்டாரை ஊன்றிப் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பது தெரியும். அதை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), கிப்சன் லெஸ் பால், கிப்சன் எஸ்ஜி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பழைய கணப்பு மரம்

1963 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. இடம் லண்டனை ஒட்டிய ஃபெல்தம். மகனுக்கு வயது 16. அப்பா ஹெரால்டு மே மின்னணுத் துறைக்காரர், வீட்டுக்குத் தேவையான சாதனங்களைத் தாமே செய்துகொள்ளும் கை உடையவர். பிரிட்டனில் அமெரிக்கப் பொருள்களுக்கு இருந்த இறக்குமதித் தடை 1959இல்தான் நீங்கியிருந்தது. ஃபெண்டர், கிப்சன் எல்லாம் அதன் பிறகு கடைக்கு வந்தாலும் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அப்பாவும் மகனும் சுமார் இரண்டு வருடம் உழைத்தார்கள். பொருள்களுக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ எட்டு பவுண்டு என்பது மே பலமுறை சொன்ன கணக்கு.

கழுத்துக்கு மரம் ஒரு பழைய கணப்பின் மேற்சட்டத்திலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மஹோகனி. தெரிந்த குடும்பம் ஒன்று தூக்கிப்போட இருந்ததை வாங்கிவந்தார்கள். அதில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன, அவற்றில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார் மே. விரல் பலகை ஓக் மரம், கறுப்புப் பூச்சு. ஃப்ரெட் (வீணையின் மெட்டு போன்றது) இடத்தைக் காட்டும் வெண் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக், மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பிளாக்போர்டு (blockboard) பலகை, மேலும் கீழும் மஹோகனி மெல்லேடு. ஓரத்தில் வெள்ளையாகத் தெரிவது அலமாரிகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை.

இந்தப் பட்டியலைப் படிக்கும் எல்லாரும் "அட, குப்பையிலிருந்து ஒரு கிட்டார்" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கழுத்துக்கு நூறு வருடம் காய்ந்த மரம் கிடைப்பது குப்பை யோகம் இல்லை, பெரும் பேறு. கிட்டார் கழுத்து ஆறு தந்திகளின் இழுவையை இரவு பகலாகத் தாங்க வேண்டும். ஈரம் போகாத மரம் பருவத்துக்குப் பருவம் வளையும். நன்றாக ஆறிய மரம் தன் வடிவத்தை முடிவு செய்துவிட்ட மரம். நம் ஊரில் வீட்டுக் கதவுக்குப் பழைய தேக்கு தேடி அலைவதும் இதனால்தானே.

உடல் பார்வைக்கு முழுக்கட்டை போலத் தெரிந்தாலும் உள்ளே வெற்றறைகள் உண்டு. இது எடை குறைக்கும் தந்திரம் மட்டும் இல்லை. ஆம்ப் (ஒலிபெருக்கி) முன்னால் நின்றால் தந்தி தானாக அதிர்ந்து நீண்டு ஒலிக்க வேண்டும், அந்த ஃபீட்பேக் வேண்டும் என்றே அப்படி வடிவமைத்தார்கள். பிக்அப்பும் கட்டுமானமும் வேறு வேறு இல்லை என்பது இங்கே முதலில் தெரிகிறது. ஃபீட்பேக்கில் இரண்டு வகை. ஒன்று, ஆம்பின் ஒலி உடலை அசைத்து, உடல் தந்தியை அசைத்து வருவது. இது சுருதியோடு பாடும். இன்னொன்று, பிக்அப்புக்குள் சுற்றிய கம்பி தளர்வாக இருந்து, அந்தக் கம்பியே மைக் போல அதிர்ந்து வருவது. இது காதைக் கிழிக்கும் வெறும் கீச்சொலி. ட்ரை-சோனிக் வாங்கிய கையோடு மே அவற்றுக்குள் அரால்டைட் பசையை ஊற்றி இறுக வைத்தார். இரண்டாவது வகை அடங்கியது, முதல் வகை மிஞ்சியது. வெற்றறை உள்ள உடலில் பசை ஊற்றாத பிக்அப்பைப் போட்டிருந்தால் அந்த உடலின் நன்மையே தீமையாகியிருக்கும்.

பதின்மூன்று

இனி பிக்அப் கணக்கு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்அப். அதன் ஸ்விட்ச் மூன்று நிலை கொண்டது, ஒரு நேரத்தில் ஒரு பிக்அப்தான். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்து, இரண்டு பிக்அப் சேர்ந்த ஓசையைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைத் தானே போட்டுக் கொடுத்தது 1977இல்தான். லெஸ் பாலில் இரண்டு பிக்அப், மூன்று நிலை. 1957 முதல் அதில் வந்தவை சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர்கள், அதாவது உறுமலை அடக்க இரண்டு சுருள் கொண்ட பிக்அப்கள்.

ரெட் ஸ்பெஷலில் மூன்று பிக்அப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நழுவு ஸ்விட்ச். ஒன்று பிக்அப்பைச் சேர்க்க, விலக்க. இன்னொன்று அதன் ஃபேஸை, அதாவது மின் அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்ப. மொத்தம் ஆறு. ஒரு பிக்அப் மட்டும் என்றால் மூன்று ஓசை. தனியாக ஒலிக்கும்போது ஃபேஸைத் திருப்பினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பிக்அப் என்றால் மூன்று ஜோடி, ஒவ்வொன்றும் ஒத்தும் எதிர்த்தும், ஆக ஆறு. மூன்றும் சேர்ந்தால் எல்லாம் ஒத்து, அல்லது ஏதாவது ஒன்று மட்டும் எதிர்த்து, ஆக நான்கு. கூட்டினால் 13.

ஆனால் என் கண்ணில் எண்ணிக்கை பெரிய விஷயம் இல்லை. இணைப்பு முறைதான் பெரிய விஷயம். ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்அப் சேரும்போது அவை பக்க இணைப்பில் சேர்கின்றன. ரெட் ஸ்பெஷலில் தொடர் இணைப்பில், ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு சேர்கிறது. ஒரே மாதிரி இரண்டு பிக்அப்களைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தத் தூண்டம் (சுருள் மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அளவு) பாதியாகும், தொடரில் போட்டால் இரட்டிப்பாகும். கேபிளின் மின்தேக்கம் மாறாமல் இருக்க, பிக்அப் தூக்கலாக ஒலிக்கும் இடம், அதாவது ஒத்ததிர்வு, முதல் வகையில் மேலே ஏறும், இரண்டாவதில் கீழே இறங்கும். இரண்டு பிக்அப் சேரும் ஸ்ட்ராட்டின் இரண்டாம், நான்காம் நிலைகள் கண்ணாடி போலப் பளிச்சென்று, கொஞ்சம் வெற்றாக ஒலிப்பதும், மே வாசிப்பது நடுச்சுரங்கள் பருத்து, மனிதக் குரல் போல ஒலிப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். மே அதிகம் பயன்படுத்துவது பிரிட்ஜ் (தந்திகள் உடலில் அமரும் பாலம்) பக்கத்துப் பிக்அப், நடுப் பிக்அப் இரண்டும் ஒத்த ஃபேஸில். அது என்ன என்று யோசித்தால், ஹம்பக்கர் ஒன்றை எடுத்து அதன் இரண்டு சுருள்களையும் சில சென்டிமீட்டர் விலக்கி வைத்த மாதிரி. ஹம்பக்கருக்குள்ளும் இரண்டு சுருள்கள் தொடரில்தான் இருக்கின்றன.

எதிர் ஃபேஸ் என்ன செய்கிறது? தந்தியின் அடிப்படைச் சுரத்தை இரண்டு பிக்அப்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி உணர்கின்றன. ஒன்றைத் திருப்பிச் சேர்த்தால் அது ரத்தாகிப் போகும். மேல் சுரங்களின் அலைநீளம் சிறியது, அதனால் இரண்டு பிக்அப்களும் பார்ப்பது வேறு வேறு, அவை மிஞ்சும். விளைவாக மூக்கால் பாடுவது போல மெலிந்த, கீறலான ஓசை. தனியாக வாசித்தால் பலவீனம். ஆம்பை நன்றாக முறுக்கி வைத்து வாசித்தால் கூர்மை. மேயின் ஆம்ப் வாக்ஸ் ஏசி30, முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர், மேல் சுரங்களைத் தூக்கிவிடும் கருவி. எதிர் ஃபேஸில் இழந்த பலத்தை அந்த ஜோடிதான் ஈடுகட்டுகிறது. அதாவது கிட்டாரை மட்டும் கையில் எடுத்து "ஓசை மெலிசாக இருக்கிறதே" என்று சொல்வது நியாயம் இல்லை.

சீரியல் செட்

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதைவிட ஒரு தடவை கையால் செய்து தெரிந்துகொண்டது அதிகம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஒட்டுப்பலகைக் கிட்டாரில் ஒரே சுருள் கொண்ட பழைய சிங்கிள் காயில் பிக்அப் மூன்றைப் போட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஆறு நழுவு ஸ்விட்சுகளோடு இதே இணைப்பை முயன்றேன். சால்டர் வைத்து முடித்து ஆம்பில் செருகினேன். மூன்று பிக்அப்பும் சேர்ந்திருந்தால் ஒலி வரும். ஏதாவது ஒன்றை விலக்கினால் மொத்தமும் அமைதி. இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பற்றாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்துத் தெருவில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், நாங்கள் அண்ணாச்சி என்போம். கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, கோயில் கொடைக்குச் சீரியல் செட் கட்டுவாங்கல்ல, ஒரு பல்பைப் பிடுங்கினா என்ன ஆகும்?"

"வரிசையே அணைஞ்சிரும், அண்ணாச்சி."

"நீங்களும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க. பிடுங்காதீங்க. அதோட ரெண்டு காலையும் சேத்து விடுங்க."

அவ்வளவுதான். தொடர் இணைப்பில் ஒரு பிக்அப்பை விலக்குவது என்றால் அதன் கம்பியைத் துண்டிப்பது இல்லை, அதன் இரண்டு முனைகளையும் குறுக்கே இணைத்து மின்னோட்டத்துக்கு வேறு வழி விடுவது. நான் ஸ்ட்ராட் வயரிங் பழக்கத்தில் துண்டித்திருந்தேன். ஆறு ஸ்விட்சில் மூன்றை மாற்றினேன். அரை மணி நேர வேலை.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. பிரிட்ஜ் பிக்அப் மட்டும் இருந்தபோது ஆம்பில் அந்தப் பழகிய உறுமல் இருந்தது. சிங்கிள் காயில் எதிலும் அது இருக்கும். சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சுருள் ஆண்டெனா போலப் பிடித்துக்கொள்ளும். நடுப் பிக்அப்பைச் சேர்த்தேன், உறுமல் இரட்டிப்பானது. அதன் ஃபேஸைத் திருப்பினேன், உறுமல் காணாமல் போனது. கூடவே சுரத்தின் அடிப்பாகமும் போய்விட்டது. உறுமல் சுருளின் சுற்றுத் திசையைப் பார்க்கிறது. சுரம் சுற்றுத் திசையையும் காந்தத் துருவத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆகவே நடுப் பிக்அப்பில் சுற்றும் காந்தமும் இரண்டுமே தலைகீழாக இருந்தால்தான் சுரம் கூடி, உறுமல் கழியும். லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் உயிர் இதுதான். நடுப் பிக்அப்பின் அடியிலிருந்த சட்டக் காந்தத்தை எடுத்துப் புரட்டி வைத்தேன். உறுமல் திரும்பவில்லை, அடிச்சுரம் திரும்பி வந்தது. அந்த முதல் கார்டை (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) இன்றும் மறக்கவில்லை.

ஐந்து நிலை ஸ்விட்ச் உள்ள புதுக் கிட்டார் எதையாவது பார்க்கப் போனால், இரண்டாம், நான்காம் நிலைகளில் உறுமல் அடங்குகிறதா என்று ஆம்பில் கேட்டுப் பாருங்கள். அடங்கினால் நடுப் பிக்அப் தலைகீழாகச் சுற்றியது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சமநிலை என்று இரண்டைச் சொல்கிறோம்

ஒன்று தோளில் தெரிவது. ஸ்ட்ராப் மாட்டி, இரண்டு கையையும் விட்டுவிட்டால் கிட்டார் எப்படி நிற்கிறது என்பது. 1961இல் கிப்சன் லெஸ் பாலின் பருத்த உடலைக் கைவிட்டு, மெலிந்த, இரு கொம்பு கொண்ட புது வடிவத்தைக் கொண்டுவந்தது. பின்னால் அதற்கு எஸ்ஜி என்று பெயர். கழுத்து உடலிலிருந்து நன்றாக வெளியே நீண்டதால் கடைசி ஃப்ரெட் வரை விரல் தாராளமாகப் போகும். அதற்குக் கொடுத்த விலை, தலை கனம். உடல் லேசானது, கழுத்து நீளமாக வெளியே நிற்கிறது, முன் ஸ்ட்ராப் பொத்தான் கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பின்புறத்தில். தாங்கும் புள்ளி பின்னால் தள்ளிப்போனதால் தலைப்பக்கம் தரையை நோக்கி இறங்கும். இடக்கை சுரம் பிடிப்பதோடு கழுத்தைத் தூக்கியும் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் மணிக்கட்டுக்கு அது தெரியும். ஸ்ட்ராட்டின் மேல் கொம்பு பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் வரை நீண்டு, பொத்தானை முன்னால் கொண்டுபோகிறது. அந்தக் கொம்பு அழகுக்காக மட்டும் நீளவில்லை.

ரெட் ஸ்பெஷல் இதை வேறு வழியில் அணுகுகிறது. அதன் தந்தி நீளம் 24 அங்குலம். ஸ்ட்ராட் 25.5, கிப்சன் சுமார் 24.75. ஸ்ட்ராட்டோடு ஒப்பிட்டால் ஒன்றரை அங்குலம் குறைவு, அவ்வளவுக்குத் தலை உடலை நெருங்குகிறது. தந்தி நீளம் குறைந்தால் அதே சுருதிக்குத் தேவையான இழுவையும் குறையும். இழுவை நீளத்தின் வர்க்கத்தோடு போவதால், அதே தடிமன் தந்தியில் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. வளைக்கும் விரலுக்கு எவ்வளவு சுகம் என்று பாருங்கள். மறுபக்கம், கழுத்து நல்ல பருமன். உறுதிக்கு அது நல்லது, சின்னக் கைக்காரர்களுக்குச் சிரமம்.

தந்திகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் ட்ரெமலோவில்தான் சமநிலையின் உச்சம். தந்திகளின் இழுவையை ஒரு பக்கமும் சுருள்வில்களின் இழுவையை மறு பக்கமும் வைத்து, நடுவில் பிரிட்ஜ் அமைப்பு தராசு போல நிற்க வேண்டும். மே அதற்குக் கடினப்படுத்திய எஃகில் கத்தி விளிம்பு ஒன்றைச் செய்தார், தராசின் முள் அமரும் விளிம்பு மாதிரி. எதிர் இழுவைக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. அசைக்கும் கம்பி சைக்கிள் பை தாங்கியிலிருந்து, அதன் நுனிக் குமிழ் அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து. பின் ஸ்ட்ராப் பொத்தானுக்கு இரு புறமும் இரண்டு சின்னத் துளைகள். அவற்றின் வழியே திருகாணியைத் திருகி ஸ்பிரிங் இறுக்கத்தைச் சரிசெய்யலாம், எதையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் தந்தி வேறெங்காவது சிக்கினால் சுருதி திரும்பாது. தந்தி உரசும் இடங்கள் இரண்டு: பிரிட்ஜ், நட் (தலையருகே தந்திகள் தாண்டும் பள்ளமிட்ட பட்டை). மே பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் உருளை வைத்தார். நட் பக்கம் ஜீரோ ஃப்ரெட் வைத்தார். தந்தி அந்த ஃப்ரெட்டின் மேல் படுத்திருக்கும், நட் வெறும் வழிகாட்டி. கம்பியை முழுக்க அழுத்தித் தந்திகளைத் தளர்த்திவிட்டாலும் சுருதி பழைய இடத்துக்கு வந்து நிற்கக் காரணம் விலையுயர்ந்த உலோகம் இல்லை. தந்தி போகும் வழி முழுவதும் உராய்வைத் தேடித் தேடிக் குறைத்ததுதான். கட்டுமானத் தரம் என்று நான் சொல்வது இதைத்தான். பளபளப்பு அதில் கடைசி.

லெஸ் பாலுக்கும் எஸ்ஜிக்கும் ட்ரெமலோ தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் தலை 17 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருக்கும். நட் மேல் தந்திக்கு நல்ல அழுத்தம் கிடைக்கிறது. அதே இடத்தில்தான் கழுத்து வளையாமல் காக்க உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் திருகுக்காக மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். கழுத்து ஒரே மரத்துண்டு என்பதால் சாய்ந்த தலையில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. கிட்டார் பின்பக்கமாக விழுந்தால் முறிவது அநேகமாக அங்கேதான். ஸ்ட்ராட்டின் தலை சாயாது, அவ்வளவு எளிதில் முறியவும் முறியாது. பதிலுக்குத் தந்தியைக் கீழே இழுத்துப் பிடிக்கக் கொக்கி வேண்டும், அங்கே உராய்வு. ஒன்றைப் பெற்றால் ஒன்றை விட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சமநிலை, ஒலி அளவின் சமநிலை. விலைப்பட்டியலில் இது வரவே வராது. பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாக அசையும், கழுத்தருகே அதிகம் அசையும். ஒரே பலமுள்ள பிக்அப்களை ஒரே உயரத்தில் வைத்தால் பிரிட்ஜ் பக்கம் சன்னமாகக் கேட்கும். அதனால் கழுத்துப் பிக்அப்பைத் தாழ்த்தி, பிரிட்ஜ் பிக்அப்பை உயர்த்துகிறோம். ரொம்ப உயர்த்தினால் காந்தம் தந்தியையே இழுத்து, தடித்த தந்திகளில் சுரம் அலைபாயும். சிங்கிள் காயிலில் இது உடனே தெரியும்.

இந்த விஷயத்தில் ரெட் ஸ்பெஷல் கெட்டிக்காரக் கிட்டார் இல்லை. தொடர் இணைப்பில் பிக்அப் சேரச் சேர ஒலி ஏறும், எதிர் ஃபேஸில் சட்டென்று விழும். பதின்மூன்று ஓசைகளும் பதின்மூன்று உயரங்களில் நிற்கும். பாட்டின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, ஒரு ஜோடியை விலக்கி மறு ஜோடியைச் சேர்க்கக் குட்டி ஸ்விட்சுகளை இரண்டு, மூன்று தடவை நகர்த்த வேண்டும். ஸ்ட்ராட்டில் சுண்டுவிரலால் ஒரு தட்டு. மேடையில் பல பாணிகளை மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியவருக்கு ஸ்ட்ராட்டின் ஐந்து, ரெட் ஸ்பெஷலின் பதின்மூன்றைவிட அதிகம் என்றே சொல்வேன். மேயே வழக்கமாக நிற்பது சில கூட்டுகளில்தான். மிச்ச வேறுபாட்டை அவர் கிட்டாரின் வால்யூம் குமிழிலும், பிளெக்ட்ரத்துக்கு (தந்தியை மீட்டும் சில்லு) பதிலாகப் பிடிக்கும் ஆறு பென்ஸ் நாணயத்தின் வரிவரியான விளிம்பிலும் எடுக்கிறார். நாணயம் வளையாது, ஆகவே விரலின் அழுத்தம் முழுதும் தந்திக்குப் போகும். விளிம்பைக் கொஞ்சம் சாய்த்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் சன்னமான ஒரு கரகரப்பு.

கடையில்

போன வருடம் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவனோடு கடைக்குப் போனேன். கீர்த்தனைக்குத் தெளிவான ஓசை வேண்டும், இளைஞர் கூட்டத்துக்குக் கனத்த ஓசை வேண்டும், ஒரே கிட்டார். அவன் கண் முழுக்க ஒரு சிவப்பு எஸ்ஜி வடிவத்தின் மேல். "அண்ணே, எவ்வளவு லேசா இருக்கு பாருங்க" என்றான். ஸ்ட்ராப் மாட்டிக் கையை விடச் சொன்னேன். தலை மெதுவாக இறங்கி, முட்டி உயரத்தில் போய் நின்றது. அவனே கழற்றி வைத்துவிட்டான்.

அடுத்து இரண்டு சிங்கிள் காயிலும் பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கரும் உள்ள ஸ்ட்ராட் வடிவங்கள். யமஹா பசிஃபிகா 112வி இந்த வகைக்கு நல்ல உதாரணம்: ஆல்டர் மர உடல், டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் விலகிச் சிங்கிள் காயில் ஆகிவிடும். இப்படிப் பிரிக்கும் வசதி இருந்தால், பிரித்த பின் ஒலி எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பாதிச் சுருள் என்றால் சுமார் பாதிப் பலம். சில கிட்டார்களில் இந்த இறக்கம் வாசிப்போடு ஒத்துப்போகும், சிலவற்றில் பின்பாட்டுக்குள் அமுங்கிப் போகும். தம்பி இழுத்தான், தள்ளினான், ஒரே கார்டைப் பத்து தடவை வாசித்தான். ஆம்பின் வால்யூமை நான் தொடவிடவில்லை.

பிறகு கையால் பார்க்க வேண்டியவை. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா? குளிர்சாதன அறையில் பல மாதம் தொங்கிய கிட்டாரில் விரல் பலகை உலர்ந்து சுருங்கி, உலோக முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். ஸ்ருதி முறுக்கும்போது நட்டில் "டிங்" என்று ஒரு சத்தம் வந்தால் தந்தி பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். அந்தக் கிட்டார் சுருதியில் நிற்காது. தலையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் முதல் தந்தி விரல் பலகை ஓரத்தை நோக்கி நகர்கிறதா? நகர்ந்தால் கழுத்து அமர்ந்த பள்ளம் தளர்வு. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் பார்த்துவிடலாம்.

அவன் எடுத்தது கடையிலேயே மங்கலான சாம்பல் நிறக் கிட்டார். நட்டில் மூன்றாம் தந்தி மட்டும் "டிங்" என்றது. வீட்டுக்கு வந்ததும் பென்சில் முனையைச் சீவி அந்தப் பள்ளத்தில் கரியைத் தேய்த்தேன், சத்தம் நின்றது. அடுத்த வாரம் அவன் என் ஒட்டுப்பலகைக் கிட்டாரைப் பார்க்க வந்தான். ஆறு ஸ்விட்சுகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் அம்புக்குறி போட்டிருக்கிறேன், எனக்குப் பிடித்த நான்கு கூட்டுகளுக்கு. பிரிட்ஜும் நடுவும் சேர்ந்ததை வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "இதை என் கிட்டார்ல போட முடியுமா, அண்ணே?" சால்டரிங் இரும்பைச் செருகினேன்.